பழைய வீட்டை ரிப்பேர் பண்ணப் போறீங்களா? எந்த வேலை முதல்ல, எது கடைசில? 6 லட்சத்தை வைத்து ஒரு கணக்கு



சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீங்க. அப்பா அம்மா ஊர்ல, 1980களிலோ 90களிலோ கட்டின வீட்டில் இருக்காங்க. பொங்கலுக்குப் போகும்போது ஹால் சீலிங்கில் ஒரு ஈரத் திட்டு. "போன வருஷமே இருந்துச்சுப்பா" என்கிறார் அப்பா. அம்மாவுக்கு சமையலறையை மாத்தணும். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறாங்க, "நாலு பேர் வந்து போற வீடு, பெயின்டாவது அடிங்கடா" என்கிறார் மாமா. உங்க கையில சேமிப்பும் போனஸும் சேர்த்து ஐந்தாறு லட்சம் இருக்கு. எல்லா வேலைக்கும் அது பத்தாது.

இந்தச் சூழ்நிலையில் நம்ம சேனலுக்கு வர்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பெர்சனல் லோன் போடலாமா?" ஆனால் அதற்கு முன்னாடி கேட்க வேண்டியது, "எந்த வேலையை முதல்ல பண்றது?" வரிசை சரியா இருந்தா பல வீடுகளுக்கு லோனே தேவைப்படாது. வரிசை தப்பினா, செலவு பண்ணின அதே சுவரை இரண்டு வருஷத்தில் மறுபடி உடைக்க வேண்டி வரும். அதனால் இந்தக் கட்டுரையில் வரிசையை முதலில் பார்ப்போம், கடனையும் வரியையும் பிறகு பார்ப்போம்.

வட்டி ஏறுற வேலை, வட்டி ஏறாத வேலை

உங்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு பாக்கியும் ஒரு வட்டியில்லா கைமாத்துக் கடனும் இருக்குன்னு வெச்சுக்கோங்க. எதை முதல்ல அடைப்பீங்க? கார்டு பாக்கியைத்தான். ஏன்னா அது மாசாமாசம் வளரும். நண்பர்கிட்ட வாங்கின கைமாத்து அப்படியே நிற்கும்.

வீட்டு வேலைகளையும் இதே கண்ணோடு பாருங்க.

மொட்டை மாடி ஒழுகல் வட்டி ஏறுற கடன். இந்த வருஷம் மேல்தளத்தில் ஒரு விரிசல். அதன் வழியா தண்ணி இறங்கி கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு ஏறின கம்பி பருத்து, சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அப்புறம் பூச்சு உதிரும், கம்பி வெளியே தெரியும். முதல் வருஷம் விரிசலை அடைச்சு நீர்த்தடுப்புப் பூச்சு அடிச்சா முடிஞ்சிருக்கிற விஷயம், சில மழைக்காலம் கழிச்சு தளத்தையே சரிபண்ற வேலையா மாறிடும்.

ஹால் டைல்ஸ் அப்படி இல்லை. பழைய சிமென்ட் தரை இந்த வருஷமும் பழசுதான், அடுத்த வருஷமும் பழசுதான். தள்ளிப்போட்டால் விலைவாசி கொஞ்சம் ஏறலாமே தவிர, வேலை பெருசாகாது.

ஆக, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்வி கேளுங்க.

1. இதைத் தள்ளிப்போட்டா யாருக்காவது உயிராபத்தோ அடிபடுற ஆபத்தோ இருக்கா?
2. தள்ளிப்போட்டா அடுத்த வருஷம் இந்த வேலையே பெருசாகுமா?
3. இதை இப்பவே பண்ணினா, பின்னாடி வர்ற வேற வேலைக்காக இதை உடைக்க வேண்டி வருமா?

முதல் கேள்விக்கு "ஆமா"ன்னா அது முதல் வரிசை. இரண்டாவதுக்கு "ஆமா"ன்னா இரண்டாம் வரிசை. மூன்றாவதுக்கு "ஆமா"ன்னா அது காத்திருக்கணும். கண்ணுக்கு எது அசிங்கமா தெரியுதுங்கிறது இந்தப் பட்டியல்லயே கிடையாது.

பணத்தைத் தொடுறதுக்கு முன்னாடி: வீடு யார் பேர்ல இருக்கு?

இதைக் கேட்டா வீட்டில் சங்கடப்படுவாங்க. ஆனாலும் கேளுங்க. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் பாருங்க. தாத்தா பேரிலேயே நிற்கிற பட்டா நம்ம ஊரில் ஏராளம்.

ஏன் முக்கியம்? வீடு அப்பா சொந்தமா சம்பாதிச்சு வாங்கினதா இருந்தா, அவர் விருப்பப்படி உயில் எழுதலாம். உயில் இல்லாம அவர் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. பாட்டி உயிரோட இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. அன்னைக்கு "நான் 6 லட்சம் போட்டு ரிப்பேர் பண்ணினேன்"னு நீங்க சொன்னா, அதை யாரும் தானா கழிச்சுத் தரமாட்டாங்க. ஆறு வருஷம் கழிச்சு அண்ணன் தங்கை பேசாம இருக்கிறதுக்கு இந்த மாதிரி ஒரு தொகையே போதும்.

அதனால் முதல்லயே மனசுக்குள்ள தெளிவா முடிவு பண்ணுங்க. இது பெற்றோருக்கு நான் செய்றது, திரும்பக் கேட்கப் போறதில்லைன்னா சந்தோஷமா செய்யுங்க. மகன், மகள் பெற்றோருக்குக் கொடுக்கிற பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. இல்லை, இது கணக்கில் வரணும்னு நினைச்சா, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அக்கா தங்கை அண்ணன் தம்பி எல்லாரோடும் உட்கார்ந்து பேசி, ஒரு பக்கம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. வேலை முடிஞ்ச பிறகு இந்தப் பேச்சை எடுத்தா அது சண்டையாத்தான் முடியும்.

ஒரு சனிக்கிழமை, ஒரு டார்ச், ஒரு நோட்டு

மேஸ்திரியைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு சுற்று பாருங்க.

சீலிங்: கட்டைக் குச்சியால் லேசா தட்டுங்க. "டொக் டொக்"னு வெற்றுச் சத்தம் வந்தா, பூச்சோ கான்கிரீட்டோ பிரிஞ்சு நிற்குது. கம்பி வெளியே தெரியுற இடத்தை போட்டோ எடுங்க. சன்ஷேட்டையும் மாடி கைப்பிடிச் சுவரையும் விட்டுடாதீங்க.

தண்ணி: ராத்திரி மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரை அணைச்சு, மட்டத்தைக் குறிச்சு வைங்க. காலையில் யாரும் தண்ணி எடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுது.

கரன்ட்: மீட்டர் பக்கத்தில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கேரியரா? மரப்பட்டி வயரிங்கா? சுவிட்ச் போர்டு சூடாகுதா? ஃப்ரிட்ஜைத் தொட்டா லேசா சுருக்குனு இருக்கா? கடைசிக் கேள்விக்கு "ஆமா"ன்னா, மற்றதைப் படிக்கிறதை நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணுங்க.

மரம்: கதவு நிலையை, ஜன்னல் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. சர்ருனு உள்ளே போனால் கரையான்.

இதுக்கப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஃபீஸ் கொடுத்து கூப்பிடுங்க. வேலையை எடுக்கப் போற கான்ட்ராக்டரே "ஃப்ரீயா பார்த்துச் சொல்றேன்"னு வந்தா, அவர் சொல்ற பட்டியல் அவர் விற்கிற வேலைகளோட பட்டியலாத்தான் இருக்கும். ஆடிட்டும் அக்கவுன்ட்ஸும் ஒரே ஆள் பண்ணக்கூடாதுன்னு நாங்க சொல்றது மாதிரிதான் இது.

உங்க வீடு மெட்ராஸ் டெரஸா, அதாவது மர உத்தரத்து மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட தளமா இருந்தா கூடுதல் கவனம். அது மேல சிமென்ட் கலவையை இழுத்துப் பூசிட்டா, பாரமும் ஏறும், ஈரமும் உள்ளேயே மாட்டும், சுவருக்குள் இருக்கிற உத்தரத்தோட முனை உளுத்துப் போகும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிக்கிறது அலைச்சல்தான். ஆனா அந்த அலைச்சல் வேணும்.

இன்னொன்று: இன்ஜினியர் சொல்ற கட்டமைப்பு வேலைகளோட செலவு மட்டுமே, புதுசா கட்டுற செலவில் பாதியை நெருங்கினால் அங்கேயே நில்லுங்க. அது ரிப்பேர் பட்ஜெட் இல்லை, வேற பேச்சு. இது சட்டம் இல்லை, நான் என் கிளையன்ட்களுக்குச் சொல்ற அளவுகோல்.

வரிசை இதுதான்

1. உயிர் சம்பந்தப்பட்டவை. வயரிங், உதிர்கிற சீலிங், ஆடுற கைப்பிடிச் சுவர்.

வயரிங் பற்றி ஒரு விஷயம். "எம்சிபி இருக்கே, போதாதா?"ன்னு கேட்பாங்க. எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். மனுஷன் மேல ஷாக் பாயும்போது காப்பாத்துறது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அதோட முறையான எர்த்திங்கும் வேணும். பழைய வயரிங் வீட்டில் ஆர்சிசிபி போட்டா அடிக்கடி விழும். உடனே "சார், இது தொல்லை, எடுத்துடலாம்"னு சொல்ற எலக்ட்ரீஷியன் இருப்பார். அது தொல்லை கொடுக்கலை, எங்கேயோ கரன்ட் கசியுதுன்னு சொல்லுது. கசிவைத் தேடிச் சரிபண்ணச் சொல்லுங்க.

இதே வரிசையில் பாத்ரூமில் இரண்டு சின்ன வேலையும் வரும்: வழுக்காத தரை விரிப்பு, சுவரில் கைப்பிடி. அறுபது தாண்டின பெற்றோருக்கு வீட்டிலேயே ஆபத்தான இடம் ஈரமான பாத்ரூம் தரைதான். முழு பாத்ரூம் வேலை பிறகு வரட்டும், கைப்பிடியை இந்த வாரமே போடுங்க.

2. மேலேர்ந்து வர்ற தண்ணி. மொட்டை மாடி, மழைநீர்க் குழாய், ஜன்னல் மேல் விரிசல். மாடித் தண்ணி வாட்டம் சரியா இருக்கா, ஒரு மழை பெய்ஞ்சா எங்கே தேங்குதுன்னு பாருங்க. வாட்டம் சரியில்லாம வெறும் பெயின்ட் மாதிரி அடிக்கிற கோட்டிங் ரொம்ப நாள் தாங்காது. வேலை முடிஞ்சதும் மாடியில் தண்ணி தேக்கி 24 மணி நேரமாவது வெச்சுப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்க.

3. சுவருக்குள்ள ஓடுறவை. துருப்பிடிச்ச பழைய ஜிஐ பைப், கழிவுநீர்க் குழாய், புது வயரிங்குக்கான பைப். இது எல்லாத்துக்கும் சுவரில் காடி வெட்டணும். அதனால பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் ஒரே காலத்தில் வேலை பார்க்கணும். எதிர்காலத்தில் ஏசி, கீசர், இன்வெர்ட்டர் எங்கே வரும்னு இப்பவே முடிவு பண்ணி, வெறும் பைப்பையாவது சுவருக்குள் விட்டுடுங்க. ஏசி இப்ப வாங்க வேண்டாம். பைப்புக்கு ஆகிறது சின்னத் தொகை. அதை விட்டா, பின்னாடி சுவரை மறுபடி வெட்டி, பூசி, பெயின்ட் அடிக்கணும்.

4. கரையானும் கதவும். கரையான் மருந்து தரை வேலைக்கு முன்னாடி நடக்கணும். தரையோரமா துளை போட்டு மருந்து விடுவாங்க. புது டைல்ஸ் போட்ட பிறகு துளை போட மனசு வருமா?

5. பாத்ரூம், சமையலறை. பைப் வேலைக்குத் திறந்த கையோடு பாத்ரூமை முடிச்சுடுங்க. முழங்கால் வலி இருக்கிற அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட், கரடுமுரடான தரை டைல்ஸ், வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே யாராவது விழுந்துட்டா உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. வீட்டில் ஒரே பாத்ரூம்தான்னா, அந்த நாட்களுக்குப் பெற்றோர் எங்கே இருப்பாங்கன்னு முதல்லயே ஏற்பாடு பண்ணுங்க.

6. பூச்சு, தரை, பெயின்ட், ஃபால்ஸ் சீலிங். கடைசி. எப்பவும் கடைசி.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம். கும்பகோணத்தில், 850 சதுர அடி, 1988ல் கட்டின கான்கிரீட் வீடு. கையில 6,00,000 ரூபாய். கீழே இருக்கிறது கணக்குப் புரியறதுக்காக நான் போட்ட தொகைகள். உங்க ஊர் ரேட், உங்க வீட்டு நிலைமையைப் பொறுத்து மாறும்.

வீட்டில் எல்லாரும் கேட்டதைச் சேர்த்தால்:

- மாடுலர் கிச்சன்: 1,80,000
- பாத்ரூம் முழுசா: 1,30,000
- ஹால், ரூம் டைல்ஸ்: 1,10,000
- மொட்டை மாடி நீர்த்தடுப்பு, தட்டோடு: 1,10,000
- வயரிங் முழுசா: 95,000
- உள்ளே வெளியே பெயின்ட்: 90,000
- இரண்டு ரூம் சீலிங் கான்கிரீட் ரிப்பேர்: 60,000
- தண்ணி, கழிவுநீர் பைப்: 55,000
- இரண்டு கதவு: 30,000
- கரையான் மருந்து: 20,000

மொத்தம் 8,80,000. கையில இருக்கிறதை விட 2,80,000 அதிகம். இந்த இடத்தில்தான் எல்லாரும் லோன் ஆப்பைத் திறக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க.

முதலில் 6 லட்சத்தில் 15 சதவீதத்தை, அதாவது 90,000 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க. பழைய வீட்டில் சுவரைத் திறந்தா உள்ளே என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்தச் செலவு கண்டிப்பா வரும், எவ்வளவுங்கிறதுதான் கேள்வி. மிச்சம் 5,10,000.

முதல் கட்டம்:

- இன்ஜினியர் ஃபீஸ்: 10,000
- சீலிங் ரிப்பேர்: 60,000
- வயரிங்: 95,000
- மொட்டை மாடி: 1,10,000
- பைப்: 55,000
- கரையான்: 20,000
- பாத்ரூம்: 1,30,000
- சமையலறையில் புது சிங்க், மேடை, எக்ஸாஸ்ட் ஃபேன்: 30,000

கூட்டினால் சரியா 5,10,000. கடன் ஒரு ரூபாய் கூட இல்லை.

அந்தக் கடைசி வரியைக் கவனிங்க. மாடுலர் கிச்சன் தள்ளிப் போயிடுச்சு, ஆனா அம்மா தினமும் நிற்கிற இடத்துக்கு 30,000 ஒதுக்கியிருக்கோம். இதை வெட்டிடாதீங்க. மாடியிலும் சுவருக்குள்ளேயும் 5 லட்சம் செலவழிச்சு, வீட்டில் இருக்கிறவங்க கண்ணுக்கு ஒண்ணுமே மாறலைன்னா, "இவ்வளவு பணம் எங்கடா போச்சு?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்வி நியாயமானதுதான். அடுத்த கட்டத்துக்கு அவங்க சம்மதம் உங்களுக்கு வேணும்.

இரண்டாம் கட்டம், அடுத்த வருஷம்: கதவு 30,000, டைல்ஸ் 1,10,000, பெயின்ட் 90,000. மொத்தம் 2,30,000. எடுத்து வெச்ச 90,000 மிஞ்சியிருந்தா, இன்னும் 1,40,000 தான் தேவை. 12 மாசத்துக்கு மாசம் சுமார் 11,700 ரூபாய் ஆர்டி. மூன்றாம் கட்டம் மாடுலர் கிச்சன்: மாசம் 10,000 வீதம் 18 மாசம்.

இதே வீட்டில் வரிசையைத் தலைகீழா பண்ணியிருந்தா? பெயின்ட், டைல்ஸ், கிச்சன் மூன்றும் சேர்ந்து 3,80,000 முதல்ல போயிருக்கும். வீடு பளபளன்னு இருக்கும். ஐப்பசி மழையில் சீலிங் பெயின்ட் உப்புப் பூத்து உரியும். வயரிங்குக்குக் காடி வெட்டும்போது மிச்ச பெயின்டும் போகும். பைப் கசிஞ்சா புது டைல்ஸை உடைக்கணும். அப்போ மாடிக்கும் வயரிங்குக்கும் கையில காசு இருக்காது. கடன் வாங்குற நிலைமை அங்கேதான் வரும்.

காலண்டரும் பட்ஜெட்தான்

தமிழ்நாட்டோட பெரும்பகுதிக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆனா பலருக்கும் பணம் எப்போ வருது? தீபாவளி போனஸா, அக்டோபரில். மாடி வேலை செய்ய முடியாத மாசத்தில் பணம் வரும், அதனால அது பெயின்டுக்கும் சோபாவுக்கும் போயிடும். நான் பார்த்தவரைக்கும் பழைய வீடுகளில் மாடி வேலை வருஷக்கணக்கா தள்ளிப் போறதுக்கு இதுதான் காரணம்.

மாற்று வழி: தீபாவளி போனஸை அப்படியே ஆறு மாச எஃப்டியில் போடுங்க. மழை நேரத்தில் ஊருக்குப் போய், எங்கெல்லாம் ஒழுகுதுன்னு போட்டோ எடுங்க. அதைவிட நல்ல இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் கொட்டேஷன். ஏப்ரல் முதல் ஜூனுக்குள் மாடி, சீலிங். ஜூலை, ஆகஸ்டில் வயரிங், பைப். செப்டம்பரில் பாத்ரூம். அடுத்த அக்டோபர் மழை வந்து, சீலிங் காய்ஞ்சே இருந்தா மாடி வேலை பாஸ். பொங்கல் கழிஞ்சு சுவர் நல்லா உலர்ந்த பிறகு பெயின்ட்.

ஒரு மழைக்காலம் தாண்டாம பெயின்ட் அடிக்காதீங்க. கன்னியாகுமரி, நீலகிரி மாதிரி தென்மேற்குப் பருவமழையும் வாங்குற ஊர்னா, ஜூனுக்கு முன்னாடியே மாடியை முடிங்க.

கடன் வாங்கியே ஆகணும்னா?

கையில 6 லட்சம் இல்லை, 2 லட்சம்தான் இருக்கு, சீலிங் உதிருது. அப்போ கடன் வாங்குறது தப்பில்லை. ஆனா விதி ஒண்ணு: வட்டி ஏறுற வேலைக்கு மட்டும் வட்டிக்கு வாங்குங்க. மேலே சொன்ன முதல் மூன்று வரிசைக்குக் கடன் ஓகே. டைல்ஸுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் கடன் வேண்டாம்.

3 லட்சம் பெர்சனல் லோன், 14 சதவீதம், மூன்று வருஷம்னா ஈஎம்ஐ சுமார் 10,250 ரூபாய். மொத்த வட்டி சுமார் 69,000. அதாவது நம்ம உதாரண வீட்டோட சீலிங் ரிப்பேரை விட அதிகம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ஏற்கனவே இருக்கிற ஹோம் லோன்ல டாப்-அப், பேங்க் நகைக் கடன் இரண்டையும் விசாரிச்சு வட்டியை ஒப்பிடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. பெற்றோர் வயசானவங்க, ஆஸ்பத்திரிச் செலவு கொட்டேஷன் கொடுத்துட்டு வராது.

வரிச்சலுகை கிடைக்குமா?

கிடைக்கும்னு நம்பித்தான் பலர் லோன் போடுறாங்க. நிஜ நிலைமை இது.

நீங்க குடியிருக்கிற சொந்த வீட்டு ரிப்பேருக்கு வாங்கின கடன்னா, பழைய வரி முறையில் வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய் வரைதான் கழிவு. வாங்க, கட்ட எடுக்கிற கடனுக்கான 2 லட்சம் வரம்பு இதுக்குக் கிடையாது. அசலுக்கு 80சி கழிவும் இல்லை. புதிய வரி முறையில் இருந்தா குடியிருக்கிற வீட்டுக்கு இந்த வட்டிக் கழிவே இல்லை. முக்கியமா, வீடு அப்பா பேரில் இருந்து ஈஎம்ஐ நீங்க கட்டினா, எந்த முறையிலும் உங்களுக்குக் கழிவு வராது. ஓனரா இருக்கணும்.

ஆனா பில்லை பத்திரமா வைங்க. வேற ஒரு காரணம் இருக்கு. நாளைக்கு வீட்டை விற்கும்போது, புது பாத்ரூம் கட்டினது, தளத்தை மாற்றிப் போட்டது மாதிரி மூலதனச் செலவுகளை லாபத்திலிருந்து கழிக்கலாம். பெயின்ட், சில்லறை ரிப்பேர் பொதுவா இதில் சேராது. 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி செஞ்ச செலவும் சேராது. பில் வீட்டு ஓனர் பேரில் இருக்கட்டும். நீங்க அப்பாவுக்குக் கொடுக்கிறதா முடிவு பண்ணியிருந்தா, பணத்தை அப்பா கணக்குக்கு அனுப்பி, அங்கேயிருந்து கான்ட்ராக்டருக்குப் போகட்டும். தடம் சுத்தமா இருக்கும்.

கான்ட்ராக்டர்கிட்ட கறாரா இருக்க வேண்டிய இடங்கள்

- மூன்று கொட்டேஷன், வேலைவாரியா. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" ஏத்துக்காதீங்க. வயர் எந்த பிராண்ட், என்ன அளவு, கோட்டிங் எத்தனை கோட் என்பது எழுத்தில் வேணும்.
- அட்வான்ஸ் 10 முதல் 20 சதவீதத்துக்குள். மீதி, வேலை முடிய முடிய. கடைசி 10 சதவீதம் முதல் மழைக்குப் பிறகு தர்றதா பேசிப் பாருங்க. ஒத்துக்கிறவர் தன் வேலையை நம்புறவர்.
- ஒரே வேலைக்கு 2 லட்சம் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி அவருக்கு அபராதம். பேங்க்லேயே அனுப்புங்க.
- நடுவுல "சார், அதோட இதையும் பண்ணிடலாமே"ன்னு கேட்பார். எழுதி வாங்குங்க, ஒரு ராத்திரி யோசிங்க, அப்புறம் சொல்லுங்க.
- மூடுறதுக்கு முன்னாடி காடி, பைப், வயர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. நாளைக்கு ஆணி அடிக்கிறவருக்கு அதுதான் வரைபடம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டுக்கு போன் பண்ணி மூணு விஷயம் கேளுங்க: பட்டா யார் பேர்ல இருக்கு, மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கா, போன மழையில் எங்கே ஒழுகுச்சு. மூணாவது கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா"ன்னுதான் பதில் வரும். வீடியோ காலில் சீலிங்கைக் காட்டச் சொல்லுங்க.

அப்புறம், தங்கச்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க, பெயின்ட் அவசரம்னு மாமா மறுபடி சொன்னா, முன் ஹாலுக்கு மட்டும் ஒரு கோட் டிஸ்டெம்பர் அடிச்சுக் கொடுங்க. சில ஆயிரத்தில் முடியும், இரண்டே நாள் வேலை. மிச்சப் பணம் மாடிக்குப் போகட்டும். அந்தக் கூரைக்குக் கீழேதான் அப்பாவும் அம்மாவும் இந்த ஐப்பசியிலும் தூங்கப் போறாங்க.